ஒன்றும் ஆகாத பற்கள்

அந்த வாசனை மூக்குக்கு வருமுன் நாக்கின் அடியில் வந்துவிட்டது. பழுத்துத் திரிந்த அன்னாசியும் புதுப் பெயின்டும் கலந்தது போல, இனிப்பாகத் தொடங்கிக் காரமாக முடியும் வாசனை. கோயம்புத்தூரில் ஒரு மாலின் மூன்றாவது மாடி. தோழியின் கல்யாணத்துக்காக நகம் ஒட்டிக்கொள்ள என் மகள் விரல்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகமூடி போட்ட பெண் ஒருத்தி நகத்தைச் சுரண்டினாள், துடைத்தாள், ஒரு சொட்டு வைத்தாள், விரலைப் பிடித்து நீல வெளிச்சத்துக்குள் நுழைத்தாள். "கொஞ்சம் அசையாம இருங்க அக்கா," என்றாள்.

சுரண்டு, துடை, சொட்டு, வெளிச்சம். அதே வரிசை. அதே பிசின். நான் எழுந்து கண்ணாடித் தடுப்பு வரை போய் நின்றுகொண்டேன். கீழே நகரும் படிகளில் மனிதர்கள் அசையாமல் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும், முன்பு நான் வேலை பார்த்த கன்னட நகரத்தின் காக்ஸ் டவுனில், சிவப்புத் தரை போட்ட ஒரு முன்னறையில், ஒரு பெண்மணி முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். அவர் முன்னால் ஒரு குழந்தையின் திறந்த வாய்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் வீட்டு வாசல் பலகையிலேயே பெயர் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. பல் மருத்துவர் என்ற சொல் மட்டும் மூன்று மொழிகளில் மிஞ்சியிருந்தது. பெயின்ட் அடிக்க ஆள் வரச் சொல்லட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "பல்லுக்கு வர்றவங்க வந்துக்கிட்டுத்தானே இருக்காங்க," என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பல் மருத்துவர்களுக்குச் சாமான் விற்கும் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி. தோல்பை, கழுத்தை இறுக்கும் டை, ஒரு மொபெட். அல்சூரிலிருந்து லிங்கராஜபுரம் வரை என் எல்லை. பைக்குள் சொத்தையை அடைக்கும் சிமென்ட், அச்செடுக்கும் மாவு, துளை போடும் ஊசிகள். எல்லாவற்றுக்கும் அடியில் யாரும் கேட்காத ஒரு சின்னப் பெட்டி: சீலன்ட். கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பைப் பார்த்திருக்கிறீர்களா? மேலிருந்து பார்க்கும் மலை நாடு போல இருக்கும். மேடு, பள்ளம், பள்ளத்துக்குள் பல் பிரஷ்ஷின் ஒரு நார் கூட நுழையாத இடுக்கு. சொத்தை அங்கேதான் குடியேறும். அது குடியேறும் முன்பே, நல்ல பல்லாக இருக்கும்போதே, அந்த இடுக்கை ஒரு சொட்டுப் பிசினால் மூடிவிடுவதுதான் சீலன்ட். டாக்டர்கள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "கெடாத பல்லுக்கு யாருப்பா வருவாங்க?" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நியாயமான கேள்வி. வலித்தால்தான் பல். வலிக்காத பல்லை யாரும் ஞாபகம் கூட வைத்துக்கொள்வதில்லை.

அவர் ஒருவர்தான் வாங்கினார். அதுவும் லேசில் வாங்கவில்லை.

அந்த வருடம் கம்பெனி கண்ணாடி போன்ற சீலன்ட் ஒன்றை இறக்கியிருந்தது. பூசினால் பூசியதே தெரியாது, பல் பல்லாகவே தெரியும் என்று எனக்கு மனப்பாடம் செய்து கொடுத்திருந்தார்கள். ஒப்பித்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"பூசினதே தெரியாதா?"

"தெரியவே தெரியாது மேடம்."

"அப்ப அது விழுந்துட்டா?"

நான் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன்.

"எனக்கு வெள்ளையா வேணும் தம்பி. பாலு மாதிரி. ஆறு மாசம் கழிச்சு வாயத் திறந்தா இருக்கா, போச்சான்னு தெரியணும். அழகுக்கு இல்ல இது. திரும்பப் பாக்குறதுக்கு."

திரும்பப் பார்ப்பது. அவரை நினைக்கும்போது வேறு எந்தச் சொல்லைத் தேடினாலும் கால் இதில்தான் வந்து இடறுகிறது. ஸ்கூட்டரைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடப்பார். நின்று, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். காப்பி கொடுத்தால் நாம் குடித்து முடிக்கும் வரை டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பல் பிடுங்கி அனுப்பிய கிழவரின் வீட்டுக்கு மறுநாள் ஆள் அனுப்பி ரத்தம் நின்றதா என்று கேட்டு வரச் சொல்வார். "செஞ்சா வேல பாதி. திரும்பப் பாத்தா மீதி," என்பார். அதைப் பெருமையாகவும் சொல்ல மாட்டார், தத்துவமாகவும் சொல்ல மாட்டார். கடைக்காரர் சில்லறை இல்லை என்பது போலச் சொல்வார்.

அவருடைய உதவியாளர் ஸ்டெல்லா, லிங்கராஜபுரத்துக்காரர், நாற்பதைக் கடந்தவர், வாய் நிற்காதவர். ஒருநாள் டாக்டர் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தபோது என்னிடம் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்துவது என்றால் தெரு முனை வரை கேட்காது, அவ்வளவுதான்.

"மேடம் ஏன் கல்யாணம் பண்ணிக்கல தெரியுமா சார்? பாத்துட்டுப் போன மாப்பிள்ள, இந்தம்மா ஆறு மாசத்துக்கு ஒருக்கா நம்மள செக்கப்புக்குக் கூப்புடும்னு பயந்து ஓடிட்டான்."

உள்ளே குழாய் நின்றது.

"ஓடினவரு நல்லா இருக்காரான்னும் விசாரிச்சேன் ஸ்டெல்லா. நல்லாத்தான் இருக்காரு," என்றார் டாக்டர், துண்டில் கை துடைத்தபடி. சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஸ்டெல்லாதான் இருவருக்கும் சேர்த்துச் சிரித்தார்.

அந்தக் கைகளைச் சொல்ல வேண்டும். நாளெல்லாம் கழுவிக் கழுவி, விரல் மடிப்புகளில் வெடித்து, கோடைக்கால ஏரியின் கரை போலிருக்கும். அவர் வேலை முழுவதும் தண்ணீரோடு சண்டைதான். பல்லின் மேல் நீல நிற ஆசிட் ஜெல் வைத்து, கழுவி, காற்றடித்துக் காயவைத்தால், அதுவரை பளபளத்த பல் சட்டென்று சுண்ணாம்பு அடித்த சுவர் போல மங்கி வெளுக்கும். அந்த வெளுப்பின் மேல்தான் பிசின் ஒட்டும். அதற்குள் எச்சில் ஒரு இழை பட்டாலும் போச்சு. கண்ணுக்கு வெளுப்பாகத்தான் தெரியும். ஆனால் பிடிப்பு இருக்காது. குழந்தை வாய் என்பது ஊற்று. நாக்கு என்பது திருட்டுப் பூனை. பஞ்சை எங்கே வைத்தாலும் சுற்றி வந்து பல்லை நக்கிவிடும். நக்கிவிட்டால் அவர் திட்ட மாட்டார். "நாக்குக்கு என்ன தெரியும், பாவம்," என்று முதலிலிருந்து தொடங்குவார். மறுபடி ஜெல், மறுபடி கழுவல், மறுபடி காற்று. வெளியே பஸ் போகும், சர்ச் மணி அடிக்கும், நான் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பேன். ஒரு பல் காய்வதற்காக ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

முடிந்ததும் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் விஷயம். வலி போகவில்லை, ஏனென்றால் வலி இருந்ததே இல்லை. யாரும் கைகூப்பவில்லை. பிள்ளை இறங்கி ஓடியது. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காக ஒருவர் இவ்வளவு பாடுபடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை.

சனிக்கிழமைகளில் அவர் மர்பி டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்குப் போவார். யாரும் அழைத்துப் போனதல்ல, தலைமையாசிரியையிடம் தானே கேட்டு வாங்கிய இடம். அங்கே நாற்காலி சாயாது, எச்சில் உறிஞ்சும் குழாய் கிடையாது, கரண்ட் வந்தால் வந்தது. நீல விளக்குக்குப் பதில் இரண்டு சொட்டுகளைக் கலந்தால் தானே இறுகும் பிசின். காற்றடிக்க ஒரு ரப்பர் பந்து. வெளிச்சத்துக்கு ஸ்டெல்லா பிடிக்கும் டார்ச்.

முதல் சண்டை தாய்மார்களோடு. ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமல், சத்தமில்லாமல் ஒரு பல் முளைக்கிறது. எதுவும் விழாததால் அது புதுப் பல் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சொத்தையானாலும் பதறுவதில்லை.

"விழுந்து மொளைக்கிற பல்லு தானே மேடம், அதுக்கு எதுக்கு இவ்ளோ?" என்று ஒரு தாய் கேட்டார்.

மர்பி டவுனில் பிள்ளைகள் விழுந்த பால்பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்து ஷீட்டுக் கூரை மேல் எறிவார்கள். கூரை வாங்கிக்கொண்டு புதுப் பல் தரும். அவர் அந்தப் பிள்ளையின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, வாய்க்குள் விரலை வைத்துக் காட்டினார்.

"இது, இது, இது எல்லாம் கூரைக்குப் போற பல்லு. இதோ, கடைசில இருக்குது பாருங்க, இது கூரைக்குப் போறதில்ல. போனா வராது. சாகுற வரைக்கும் சோறு மெல்ல வேண்டிய பல்லு இது."

அது பரவியது. கூரைக்குப் போற பல்லா, போகாத பல்லா என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டதாக ஸ்டெல்லா சொன்னார். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வந்து வாய் திறந்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்கப் பூசினார். வராந்தாவில் சாரல் அடிக்கும். சுவர் வியர்க்கும். பஞ்சு பெட்டிக்குள்ளேயே நமுத்துப் போகும். அவர் ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் காயவைத்தார். காய்ந்துவிட்டது என்றுதான் அவர் கண்ணும் சொன்னது.

மறுபடி பார்க்கும் தவணை வந்தபோது நான் அங்கே இருந்தேன். புதிய பஞ்சுச் சுருள்கள் கொண்டு போயிருந்தேன். முதல் பிள்ளையின் வாயில் கூர்முனைக் கம்பியை வைத்துப் பூச்சின் ஓரத்தை லேசாகத் தொட்டார். வெள்ளைச் செதில் ஒன்று எழுந்து வந்தது. அடுத்த பிள்ளை. அடுத்த பிள்ளை. சிலருக்குப் பூச்சு அப்படியே இருந்தது. சிலருக்கு இருந்த தடமே இல்லை. சிலருக்கு ஓரம் மட்டும் தூக்கியிருந்தது, அதுதான் மோசம். கீழே சோறு போய் உட்கார ஒரு கதவு திறந்தது போல. அவர் கம்பியைத் துடைத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். வாய் நிற்காத ஸ்டெல்லா டார்ச்சை மட்டும் நகர்த்திப் பிடித்தார்.

"கொஞ்சம் விழத்தான் செய்யும் மேடம்," என்றேன். "கம்பெனி பேப்பர்லயே போட்டிருக்கு."

"கம்பெனி பேப்பரு யார் வாயில இருக்கு தம்பி?"

"இல்ல மேடம், எல்லா டாக்டருக்கும் விழும். அவங்க யாரும் திரும்பக் கூப்பிட்டுப் பாக்கறதில்ல, அதனால அவங்களுக்குத் தெரியாது. நீங்களும் பாக்காம விட்டிருந்தா—"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மீதி வாக்கியம் எனக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

அடுத்து உட்கார்ந்தவள் மாலதி. எட்டு வயது, ஏழுமலை என்ற ஆட்டோக்காரரின் மூத்த மகள். கீழ் வரிசை வலதுபுறக் கடைவாய்ப் பல்லில், தூக்கிய பூச்சின் அடியில் பழுப்பாக ஒரு குழி. கம்பி பட்டதும் நாற்காலியின் கையை இறுக்கினாள்.

"எத்தன நாளா வலிக்குது?"

"லீவுல இருந்து."

"ஏன் வந்து சொல்லல?"

மாலதி ஆசிரியை நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். "கமர்கட் தின்னாதான் பல்லு கெடும்னு டீச்சர் சொன்னாங்க. அப்பா அடிச்சாரு. நான் திங்கவே இல்ல மேடம். எங்கிட்ட ஏது காசு?"

அவர் கம்பியைத் தட்டில் வைத்தார். அதை வைத்த சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையால் அவள் கன்னத்தை ஒருமுறை தொட்டார்.

அன்று மாலையே மாலதி வீட்டுக்குக் கிளம்பினார். ஸ்கூட்டர் பஞ்சர். என் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து வந்தார். சந்துக்குள் வண்டி நுழையாது, நடந்தோம். ஒரே அறை வீடு. சுவரில் புத்தர் படம். ஏழுமலை வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தார், காக்கிச் சட்டையைத் தோளில் போட்டபடி.

"வாங்க மேடம். இன்னா, வூட்டுக்கே வந்துட்டீங்க?"

"உக்காருங்க ஏழுமலை. ஒண்ணு சொல்லணும்."

"நின்னுக்கினே கேக்கறேன். சொல்லுங்க."

"மாலதி பல்லு கெட்டதுக்கு மிட்டாய் காரணம் இல்ல. நான் பூசினது ஓரத்துல தூக்கிக்கிச்சு. மழைல பூசினேன், பல்லு சரியா காயல. காஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். அந்த இடுக்குலதான் சொத்தையாயிருக்கு. என் வேலைல வந்த குறை அது. அவ மேல தப்பு இல்ல."

ஏழுமலை துண்டை முறுக்கினார். தண்ணீர் சொட்டியது. உள்ளே மாலதி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் பக்கம் புரட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"நா அவள அடிச்சேன் மேடம். கமர்கட்டு தின்னியான்னு அடிச்சேன். இல்லப்பா, இல்லப்பான்னா. பொய் வேற சொல்றியான்னு அதுக்கும் சேத்து அடிச்சேன்."

"தெரியும். சொன்னா."

"தெரிஞ்சுமா வந்தீங்க?" அவர் குரல் உயரவில்லை. இறங்கியது. "நீங்க சொல்லாத இருந்திருந்தா, எம் பொண்ணு மிட்டாய் தின்னா, நா அடிச்சேன், ஆயித்து. இப்ப இன்னா ஆச்சு? தப்பே பண்ணாத பொண்ண அடிச்சவன் ஆயிட்டேன். உங்களுக்கு சொல்லிட்டா மனசு லேசாயிடும், போயிடுவீங்க. நா இவ மூஞ்சிய தெனம் பாக்கணும்."

"எனக்கு லேசாகல ஏழுமலை."

"அது உங்க பாடு."

"அந்தப் பல்ல காப்பாத்தலாம். மத்த மூணு பல்லுலயும் பூச்சு தூக்கியிருக்கு. அதையாவது சீக்கிரம்—"

"வேணாம். எம் பொண்ணு வாயில இனிமே கை வெக்காதீங்க."

டாக்டர் தலையசைத்துவிட்டுத் திரும்பினார். நான் பின்னால் நடந்தேன். குழாயடி வரை வந்துவிட்டோம். அங்கே நின்றார். திரும்பி நடக்கத் தொடங்கினார். கெஞ்சப் போகிறார் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. வாசலில் நின்ற ஏழுமலையைத் தாண்டி உள்ளே பார்த்துச் சொன்னார்.

"மாலதி. நீ பொய் சொல்லலன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சு. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மேடம்," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அவ்வளவுதான். மொபெட்டின் பின்னால் ஒரு மனிதக் கனம் இவ்வளவு அசையாமல் இருக்க முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பூச்சு பூசினால்தான் சொத்தை வருகிறது என்று மர்பி டவுனில் பேச்சானது. உண்மையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு ஊர் கொடுத்த சன்மானம். சனிக்கிழமை வராந்தாவில் நாற்காலி போட்டு, பஞ்சு, கண்ணாடி, டார்ச் எல்லாம் பரப்பி வைத்து அவர் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் தூரத்தில் ஓடுவார்கள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு விளையாட்டாகச் சிரிப்பார்கள். அந்த வாய்களுக்குள் ஓரம் தூக்கிய பூச்சுகள் இருந்தன. ஒவ்வொரு நாளும் அந்தக் கதவுகள் வழியே சோறு நுழைந்துகொண்டிருந்தது. இவருக்கு அது தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. ஸ்டெல்லா பொறுக்காமல் கேட்டேவிட்டார்.

"வராத பிள்ளைங்களுக்கு எதுக்கு மேடம் நாம வர்றது?"

"வந்தா நாம இருக்கணுமே ஸ்டெல்லா."

அந்த நாட்களில்தான் என்னிடம் அயனோமர் கேட்டார். பவுடரும் திரவமும் குழைத்து வைக்கும் ஒருவகைச் சிமென்ட். பிசின் போல நீடித்து உழைக்காது, சீக்கிரம் தேயும். ஆனால் கொஞ்சம் ஈரம் பட்டாலும் பல்லை விடாது, உள்ளிருந்து ஃப்ளோரைடையும் கசியவிடும். முன்பு நான் காட்டியபோது, அது தற்காலிக வேலை என்று ஒதுக்கியவர் அவர்.

"எனக்குப் பிசினு மேல ஒரு கர்வம் தம்பி," என்றார், பெட்டியைக் கையில் புரட்டியபடி. "ஒசந்த பொருளு, வருஷக்கணக்கா நிக்கும். நிக்கும்தான். இந்த ரூம்ல நிக்கும். அந்த வராந்தாவுல நிக்காதுன்னு எனக்கு ஏன் தோணல? பிள்ளைங்க வாய்க்கு எது சரின்னு பாக்காம, என் கைக்கு எது அழகுன்னு பாத்துட்டேன்."

நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ரெண்டு பெட்டி குடுங்க," என்று முடித்துவிட்டார்.

ஏழுமலை வந்தது ஒரு மதியம். நான் முன்னறையில் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்து நின்ற வேகத்திலேயே ஏதோ இருந்தது. மாலதி ஒரு பக்கக் கன்னத்தைப் பிடித்தபடி இறங்கினாள். ஏழுமலை செருப்பைக் கழற்றவில்லை, வாசற்படியிலேயே நின்று பேசினார், தரையைப் பார்த்து.

"ராத்திரியெல்லாம் தூங்கல இவ. சிவாஜி நகருக்கு இட்டுனு போனேன். செட்டுப் பல்லு கட்றவன் கடை. ஒரே இழுப்பு சார், வந்துடும்னான். இடுக்கிய கைல எடுத்துட்டான். இது விழுந்து மொளைக்குமாப்பான்னு கேட்டேன். சின்னப் பாப்பா தான, சூப்பரா மொளைக்கும், நீங்க கவலையே படாதீங்கன்னான். சிரிச்சிக்கினே சொன்னான் மேடம்."

டாக்டர் மாலதிக்கு நாற்காலியைக் காட்டினார்.

"அவன் சொல்றது பொய்யின்னு எனக்குத் தெரியுது. எனக்கு எப்டி தெரியும்? நீங்கதான சொன்னீங்க, கூரைக்குப் போற பல்லு இல்லன்னு." துண்டால் கழுத்தைத் துடைத்தார். "பொய் சொல்றவன் கிட்ட பொண்ணு வாய எப்டி குடுக்கறது? வண்டியத் திருப்பிட்டேன். உங்க மேல எனக்கு இன்னும் கோவம்தான். அது வேற. பல்ல பாருங்க."

"காப்பாத்திடுவேன்னு இப்பவே சொல்ல முடியாது. பாத்துட்டுச் சொல்றேன்."

"அதான். அப்டியே சொல்லுங்க."

சாயங்காலம் வரை நடந்தது. பல் தப்பியது. குழியைச் சுரண்டி, மருந்து வைத்து, மூடினார். ஏழுமலை சவாரிக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாப்புக்குப் போக அழைத்தவர்களிடம் கைவிரித்துவிட்டார். மாலதி மரத்துப் போன உதட்டோடு வெளியே வந்தபோது அவள் தலையில் கை வைக்கப் போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டு, பிறகு வைத்தார்.

"மத்த மூணும்?" என்று அவரே கேட்டார்.

"வேற மருந்து வெக்கணும். ஏழுமலை, முன்னாடியே சொல்லிடறேன். இது ரொம்ப நாளு ஒழைக்காது. தேயும். தேஞ்சா மறுபடி வெக்கணும்."

"எத்தினி தரம்?"

"பல்லு முத்தி கெட்டியாகுற வரைக்கும்."

"அது வரைக்கும் நீங்க இருப்பீங்களா?"

"இருப்பேன்."

அடுத்த சனிக்கிழமை மாலதி வராந்தாவுக்கு வந்தாள். அவள் பின்னால் இரண்டு பிள்ளைகள். அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு தாய், முந்தானையை வாயில் வைத்தபடி தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு மகனைத் தள்ளிவிட்டார். கூட்டம் முன்பு போல எப்போதும் வரவில்லை. வந்தவர்கள் திரும்பவும் வந்தார்கள். சிமென்ட் தேய்ந்தது, மறுபடி வைத்தார். தேய்ந்தது, வைத்தார். கோலம் போடுகிறவர்கள் காலையில் அழிந்த கோலத்துக்காக அழுவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மர்பி டவுனைச் சுற்றிக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. கம்பெனி என்னைக் கோயம்புத்தூருக்கு மாற்றியது. விடைபெற்றுக்கொள்ளத் தேடிப் போனேன். சனிக்கிழமை. மழை. சாரல் தொல்லைக்காகத் தலைமையாசிரியை அவருக்கு ஒரு காலி வகுப்பறை கொடுத்திருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு வாசலில் நின்றேன்.

ஸ்டெல்லா அன்று இல்லை. அக்கா வீட்டில் விசேஷம். டார்ச்சையும் பஞ்சையும் பிடித்துக்கொண்டு நின்றவர் ஏழுமலை. காக்கிச் சட்டை, நரைத்த மீசை. பெஞ்சில் படுத்திருந்தவள் அவருடைய சின்ன மகள் ரேவதி, ஆறு வயது. கடைவாயில் புதுப் பல் ஈறைக் கிழித்துக்கொண்டு பாதிதான் எட்டிப் பார்த்திருந்தது. தலைமாட்டில் மாலதி, தாவணி வயதுக்கு வந்துவிட்டவள், தங்கையின் கையைப் பிடித்து, "வலிக்காதுடி. புளிக்கும். துப்பிடாத," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது அவள் வாய்க்குள் பார்த்தேன், தொழில் பழக்கம். அடைத்த பல் ஒன்று. மற்ற மூன்றில் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஊர் ஊராகப் போய் எத்தனையோ டாக்டர்களின் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறேன், உங்களைப் போல ஒருவரை, என்று தொடங்கி வழியெல்லாம் கட்டி வைத்திருந்த வாக்கியங்கள். அவர் முதுகு என் பக்கம். நரை கொண்டையில் ஏறியிருந்தது. ரப்பர் பந்து மூச்சு விட்டது. டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சின்னப் பல் மெல்ல மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.

"மேடம்," என்றேன். "கோயம்புத்தூருக்கு மாத்திட்டாங்க. நாளைக்குக் கெளம்பறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் திரும்பவில்லை. சிமென்ட் எடுத்த கை பல்லை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஏழுமலைதான் என்னைப் பார்த்துவிட்டு, கையை அசைக்காமல், கண்ணால் மட்டும் விடை கொடுத்தார்.

"நல்லபடியா போயிட்டு வாங்க தம்பி," என்றார் டாக்டர், பல்லைப் பார்த்தபடியே. "கதவ இறுக்கிச் சாத்திட்டுப் போங்க. ஈரக்காத்து உள்ள வருது."